மூடிக்காரியின் படகு

"நடு ஆத்துல எஞ்சின் நின்னுபோச்சுன்னா என்னடி பண்ணுவ?" என்று மாமா கேட்டபோது அவளிடம் பதில் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். பேச்சுக்கும் அவளுக்கும் அத்தனை சிநேகம் கிடையாது.

இந்தக் கரையில் அவளும் தங்கையும் இருக்கிற வீடு. எதிர்க்கரையில் இருவரும் வேலை பார்க்கிற எண்ணெய் கம்பெனி. நடுவே ஓடிக்கொண்டிருந்த பொதுப் படகு ஒருநாள் நின்றுபோனது. பாலத்தைச் சுற்றிப் போனால் பாதிப் பொழுது வழியிலேயே போய்விடும். அவள் யாரையும் கேட்காமல் ஒரு பழைய மோட்டார் படகை வாங்கிக்கொண்டு வந்து வீட்டுக்குக் கீழே கட்டிப்போட்டாள்.

அம்மாவோடு கூடப்பிறந்த மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. பெற்றவர்கள் இல்லாத பெண்களுக்கு இந்த விஷப்பரீட்சை எதற்கு, வீட்டைப் பூட்டிவிட்டு எதிர்க்கரையில் தன் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தது தட்டுமுட்டுச் சாமான் போடுகிற பின்னறையும் அத்தையின் நாக்கும். தங்கை விடாமல் மல்லுக்கு நின்றதில் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். ஒரே ஒரு தடவை நிக்காம போய்ட்டு வந்து காட்டட்டும். அப்புறம் நான் வாயே திறக்கல. இல்லேன்னா உங்க பெட்டியை வேன்ல ஏத்திடுவேன்."

படகு அவளுக்குச் சுலபத்தில் பிடிகொடுக்கவில்லை. எஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை கன்றிப்போனது. பெட்ரோல் டேங்கிலிருந்து வரும் குழாயின் நடுவே ஒரு ரப்பர் குமிழ். அதை நாலைந்து முறை பிசைந்துவிட்டால்தான் எஞ்சின் கண் விழிக்கும். பின்னால் இருக்கும் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும்.

"அத்தை மாதிரிக்கா இது. என்னைப் பார்த்துப் பேசுவாங்க, திட்டு உனக்கு இருக்கும்" என்றாள் தங்கை.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். சொல்லிவைத்தாற்போல் ஆற்றின் நடுவே எஞ்சின் இருமும், திணறும், அடங்கிவிடும். துடுப்புப் போட்டுத்தான் திரும்ப வேண்டும். எஞ்சினை மட்டும் கழற்றி மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனால், அவர் கடை டேங்கில் மாட்டியதும் சாயங்காலம் வரை நிற்காமல் ஓடியது. எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறந்த வீட்டில் பதவிசாக இருந்து புகுந்த வீட்டில் குணத்தைக் காட்டுகிற மருமகள் என்று தங்கை அதற்குப் பெயர் வைத்தாள்.

ஞாயிறு வந்தது. மாமாவின் வேனும் வந்தது.

புறப்படுமுன் அவள் வழக்கம்போல் எல்லாவற்றையும் சரிபார்த்தாள். டேங்கின் மூடியை இறுக்கினாள். மூடியின் தலையில் இருந்த சின்னத் திருகையும் இறுக்கினாள். கம்பெனியில் அவள் வேலையே அதுதான். வரிசையாக வரும் பாட்டில்களின் மூடிகளைத் திருகிப் பார்ப்பாள். ஒரு சொட்டுக் கசியவிட்டதில்லை. அங்கே அவள் பெயரே மூடிக்காரி.

நடு ஆற்றில் எஞ்சின் நின்றது.

கூட வந்த தங்கை கரையைத் திரும்பிப் பார்த்தாள். "பெட்டியைத் தூக்கிட்டாருக்கா."

அவள் குமிழைப் பிசையக் கையை வைத்தாள். பிசைய அதில் ஒன்றுமே இல்லை. கன்னம் ஒட்டிய நோயாளிபோல் உள்வாங்கிக் கிடந்தது. இதற்கு முன்னெல்லாம் பதற்றத்தில் துடுப்பைத்தான் தேடியிருக்கிறாளே தவிர, இதைக் கவனித்ததில்லை. சூடு ஆறுவதற்குள் மூடி இறுக்கிய பாட்டில்கள் இப்படித்தான் ஒடுங்கிப்போகும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் முக்கி முக்கித்தான் வரும். காற்றுக்கு இன்னொரு ஓட்டை வேண்டும்.

டேங்கைப் பார்த்தாள். பெட்ரோல் வெளியே போகப் போக, உள்ளே காற்று வர வழி? தன் கையாலேயே அல்லவா தினமும் அடைத்திருக்கிறாள்.

சின்னத் திருகைத் தளர்த்தினாள். உஸ்ஸென்று டேங்க் மூச்சை இழுத்தது. குமிழ் மெல்ல உப்பியது. பிசைந்தாள், கயிற்றை இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ புரட்டிப் போட்டதுபோல் இருந்தது. எதிர்க்கரையைத் தொட்டுவிட்டு நிற்காமல் திரும்பினாள்.

மாமா வேனருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெட்டி உள்ளே ஏறியிருந்தது.

"நடுவுல நின்னுச்சே, பார்த்தேனே" என்றார்.

அவள் திருகைத் தொட்டுக் காட்டினாள். "நின்னா இதைத் திறப்பேன் மாமா. இனிமே நிக்காது. ஏறுங்க."

அவள் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நடு ஆறு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். எஞ்சின் இருமவில்லை. எதிர்க்கரை வந்தது, போனது. மறுபடி வீட்டுக்கரை வந்தபோதுதான் பிடியை விட்டார்.

செருப்பை மாட்டினார். வேனுக்குப் போய்ப் பெட்டியை இறக்கினார். படியேறி வீட்டு வாசலில், சுவரோரமாக, இடிக்காமல் வைத்தார். தங்கை ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தாள். அக்காள் அவள் கையைப் பிடித்து அமுக்கினாள்.

மாமா படகை ஒருமுறை பார்த்தார். வேனில் ஏறினார். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.