நூல் வெட்டும் மேசை

அந்தத் தையல் கூடத்தில் நின்று வேலை செய்வது தண்டனை. தைப்பதில் தப்பு செய்தவள், அன்று முழுக்க எல்லாருக்கும் எதிரே மேசையருகே நின்றபடி நூல் வெட்ட வேண்டும். சட்டைகளுக்குக் காலர் தைக்கும் காலர்க்காரி அங்கே ஒருநாளும் நின்றதில்லை. கை அப்படி.

அவளுக்கு இப்போது உட்காருவதுதான் தண்டனை. ஸ்டூலில் அமர்ந்த சற்றைக்கெல்லாம், அடியில், சொல்லக் கூசும் இடத்தில், கண்ணாடிச் சில்லின்மேல் குந்தியதுபோலச் சுரீரென்று எரியும். ஸ்கேனில் ஒன்றுமில்லை. "மகாராணிக்குச் சிம்மாசனம் சரியில்லையாக்கும்" என்றாள் நாத்தனார். காலர்க்காரியோ யார் பேச்சையோ கேட்டு இடுப்பின் அடித்தசையை இறுக்கி இறுக்கிப் பயிற்சி வேறு செய்தாள். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றின கதைதான்.

பிசியோதெரபி அம்மாதான் கண்டுபிடித்தார். கழிவறைக்கு எழுந்தால் முறைப்பார்களே என்று வருடக்கணக்கில் சிறுநீரை அடக்கி, உட்கார்ந்தபடியே தைத்ததில், இடுப்பின் அடித்தசை இறுகிப் பக்கத்து நரம்பையும் சீண்டிவிட்டதாம்.

"இறுக்கினது போதும்மா. இனிமே விடக் கத்துக்கணும்."

வயிறு எழும்ப மூச்சிழுத்துத் தசையைத் தளர்த்த வேண்டும், அடக்கக்கூடாது, ஒரேயடியாக உட்காரக்கூடாது. நாளாகும், ஆனால் குறையும் என்றார்.

நின்று தைக்க உயரமான மேசை வேண்டுமென்று சூப்பர்வைசரிடம் கேட்டாள். எங்கே வலி என்று அவன் கேட்க, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, தப்பு செய்யாதவர்கள் நிற்கக்கூடாது, முடியாவிட்டால் வீட்டோடு இருக்கலாம் என்றான்.

மறுநாள் காலர்க்காரி ஒரு காலரை உள்பக்கம் வெளியே தெரியத் தைத்து, அவன் முன்னால் வைத்தாள்.

"தப்பு பண்ணிட்டேன் சார். தண்டனை குடுங்க."

நின்றாள். நினைத்தபோது கழிவறைக்கும் போய்வந்தாள். அடுத்த நாளும் ஒரு காலர். கூடமே குனிந்துகொண்டு சிரித்தது. காலர் இல்லாத சட்டைகள் மலையாகக் குவிந்தன. கடைசியில் அவன், இனி என்ன தப்பு செய்தாலும் உட்கார்ந்தேதான் தைக்க வேண்டும் என்று கத்தினான்.

"அப்ப எங்களுக்கும் நிக்கிற தண்டனை கிடையாதுல்ல சார்?" என்றாள் பக்கத்து மிஷின் பட்டன்காரி.

அவன் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினான். மாலைக்குள் மெக்கானிக் வந்து காலர்க்காரியின் மேசைக்கால்களை உயர்த்திவிட்டுப் போனான். அவள் நின்றபடி பெடலை மிதித்துப் பார்த்தாள். ஓடியது. சும்மா கிடந்த ஸ்டூலைக் காலால் சூப்பர்வைசர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க உக்காருங்க சார். ரொம்ப நேரம் மட்டும் வேணாம்."