அதட்டத் தெரிந்தவர்

ஆம்பூரில் கிறிஸ்டினா நடத்தும் ஷூ தைக்கும் யூனிட்டில் ஒன்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். கழிப்பறைக்குப் போக அங்கே யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. முன்பு கிறிஸ்டினாவும் அவர்களும் வேலை செய்த கம்பெனியில் அதற்கு டோக்கன் வாங்க வேண்டும். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, "மறுபடியுமா?" என்று இளிப்பவர் சூப்பர்வைசர் புகழேந்தி.

அந்தப் புகழேந்திதான் சென்ற வாரம் வேலை கேட்டு வந்தார்.

"பொம்பளைங்க மட்டும் இருந்தா யூனிட் உருப்படாதும்மா. அதட்டி வேலை வாங்க ஒரு ஆம்பளை வேணும்."

ஆள் எடுப்பதென்றால் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்வது அங்கே வழக்கம். கிறிஸ்டினா மெஷின்களை நிறுத்தச் சொன்னாள்.

"சார் வேலைக்கு வந்திருக்காரு. இன்னா கேக்கணுமோ கேளுங்க."

கமலம் எழுந்தாள். நிறைமாத வயிற்றோடு டோக்கனுக்காக அவர்முன் நின்றவள்.

"இந்த மெஷின்ல ஊசி மாத்தத் தெரியுமா சார்?"

"அதெல்லாம் லேடீஸ் வேலை."

"நூல் கோக்க?"

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தையல் பிரிவில் இருபது வருடம் சம்பளம் வாங்கிய மனிதருக்கு மெஷினில் கை வைக்கவே தெரியவில்லை. இந்த ஆளுக்கா அடிவயிற்றை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று கிறிஸ்டினாவுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"வேணாங்க்கா," என்றாள் கமலம். மற்றவர்கள் அதைச் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. மெஷின்களை ஓட்டத் தொடங்கிவிட்டார்கள்.

"யோசிச்சு சொல்லும்மா," என்றார் அவர்.

"வாசல்ல நிக்காதீங்க சார்," என்றாள் கிறிஸ்டினா. "லெதர் இறக்கணும்."