டெஸ்மன்டின் மூச்சுக்கு ஜவுபர் செய்த கூடு

டெஸ்மன்டின் மூச்சு அவனுடைய கைமணிக்கூட்டுக்குள் அகப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை, ஜவுபர் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடையைப் பூட்டுவதற்குச் சற்று முன்னர். மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசையில் நின்ற வருடம் அது. கல்முனை பசாரில் மணிக்கூடு திருத்தும் ஜவுபர், புது றப்பர் வளையத்தைப் போட்டுப் பின்மூடியைத் திருகப் போன நேரத்தில், எதிரே நின்ற டெஸ்மன்ட் உள்ளே ஒரு தூசியைக் கண்டு குனிந்து பலமாக ஊதினான். "வாயால ஊதாதங்க தம்பி, ஈரம் உள்ளுக்க போயிரும்" என்று சொல்லும்போதே ஜவுபரின் கை பழக்கத்தில் மூடியை இறுக்கிவிட்டது. டெஸ்மன்டுக்குத் தலை லேசாகச் சுற்றியது. காலையில் சாப்பிடாததால் என்று நினைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு மூச்சு விடுவதே நின்றுவிட்டதை அவன் கவனிக்கவில்லை. தன் மூச்சை யார் கவனிக்கிறார்கள்? நேரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மணிக்கூட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு, அன்று பின்னேரம் கிடைத்த எண்ணெயோடு கடலுக்குப் போனான். அவன் திரும்பி வரவில்லை.

மணிக்கூட்டை அவனுடைய மனைவி அருள்ராணி வந்து எடுத்துப்போனாள். பாண்டிருப்பு வீட்டில் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், கண்ணாடியின் உட்பக்கம் பனிமூட்டம் போல வெண்மையாகப் புகார் படிவதையும், கலைவதையும், மறுபடி படிவதையும் கண்டாள். பகலில் அது விரைவாக வந்து போனது. விடியற்காலையில் மெதுவாக, ஆழமாக, நித்திரை கொள்ளும் மனிதனைப் போல. அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஜவுபரிடம் ஓடினாள்.

"நானா, இது மூச்சு விடுது."

"ஈரம், தங்கச்சி. தொறந்து காய வெச்சாச் சரியாகிரும்."

"தொறக்காதீங்க. அது அவர்தான்."

ஜவுபர் உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பின்பு திருகியைக் கீழே வைத்தார். "எனக்கு விளங்கல்ல. ஆனாத் தொறக்க மாட்டன்" என்றார். பங்குக் கோயிலில் இரண்டு முறை டெஸ்மன்டுக்காக ஆத்மா இளைப்பாற்றிப் பூசைக்கு நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் அருள்ராணி கறுப்பு உடுத்த மறுத்து, பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போனாள்.

அடுத்த வருடத்து மாரி தொடங்கும்போது டெஸ்மன்ட் வந்தான். எஞ்சின் நின்ற போட்டோடு அவன் மாதக்கணக்கில் மிதந்திருந்தான், தாகம் எடுக்கவில்லை. கண்டெடுத்த அந்நிய மீனவர்கள் பிணமென்று எண்ணி, கல்லைக் கட்டிக் கடலில் இறக்க ஆயத்தம் செய்தபோது கண்ணைத் திறந்து அவர்களிடம் ஒரு சுருட்டுக் கேட்டானாம். வீட்டில் அவன் பழையபடி சாப்பிட்டான், சிரித்தான், கிழிந்த வலை பொத்தினான். ஆனால் மாதா படத்துக்கு முன்னால் நின்று செபம் சொல்லும்போது மெழுகுதிரிச் சுடர் அசையவில்லை. அருள்ராணி முகம் பார்க்கும் கண்ணாடியை அவன் மூக்கருகே பிடித்தாள். அது தெளிவாகவே இருந்தது. மற்றக் கையில் இருந்த மணிக்கூடு புகார் பிடித்துக் கலைந்தது. அவள் பயந்தது ஒரு நாள்தான். மறுநாள் மணிக்கூட்டைப் பஞ்சில் பொதிந்து அரிசி வாளிக்குள் வைத்தாள்.

அந்த மணிக்கூடு விலை குறைந்த சாமான். பின்மூடி மட்டுந்தான் உருக்கு. மேற்கூடு வெள்ளை முலாம் பூசிய பித்தளை. வியர்வையும் உப்புக்காற்றும் முலாமை எப்போதோ தின்றிருந்தன. கைப்பட்டி கொளுவும் மூலையில் பச்சைக் களிம்பு பூத்து, பித்தளை பிஸ்கட் போல உதிரத் தொடங்கியது. மூச்சுக் கசியக் கசிய டெஸ்மன்ட் மெலிந்தான். வீட்டு வளவைக் கடப்பதற்குள் இருமுறை குந்தினான். குரல் தூரத்து வானொலி போல ஒலித்தது.

"புதுக் கூட்டுக்கு மாத்தினா மூச்சு வெளிய போயிரும்" என்றார் ஜவுபர். "இந்தக் கூட்டோட அப்படியே உள்ளுக்க வெச்சு, வெளிய இன்னொண்டு செய்யணும். அலுமினியத்த உப்புத் திண்டிரும். பிளாஸ்டிக் வருசம் போகப் போகக் காத்த விடும். கடலுக்குள்ளயே கிடந்து பழகின சாமானாத்தான் வேணும்."

சாய்ந்தமருதில் உடைத்துப் போட்ட ஆழ்கடல் போட் ஒன்றின் எஞ்சின் விசிறித் தண்டை அவர் தேர்ந்தெடுத்தார். கறள் பிடிக்காத உருக்கு. இருபது வருடம் உப்புத் தண்ணீரில் சுழன்றும் பளபளப்புக் குறையவில்லை. கடைசல்காரர் பதியுதீனின் பட்டறையில் அதைத் துண்டாக்கி, கடைசல் இயந்திரத்தில் மூன்று நாள் குடைந்து, சுவரும் அடியும் ஒரே உலோகமான கிண்ணமாக எடுத்தார்கள். முள் திருப்பும் சாவிக்குத் துளை விடவில்லை. மணிக்கூட்டுக்குள் தண்ணீர் போவது பெரும்பாலும் அந்தத் துளையால்தான். மேலே தடித்த கண்ணாடி, அதன் கீழ் இரண்டு றப்பர் வளையங்கள், கண்ணாடியை அழுத்திப் பிடிக்கப் புரி வெட்டிய உருக்கு வளையம் ஒன்று. பற்றவைக்கலாம் என்று பதியுதீன் சொன்னார். சூடு மூச்சுக்கு ஆகாது என்று ஜவுபர் மறுத்துவிட்டார்.

மூடுகிற அன்று டெஸ்மன்டை நாற்காலியில் இருத்தினார்கள். ஜவுபர் பழைய மணிக்கூட்டைக் கிண்ணத்துக்குள் இறக்கும்போது, விரல் பட்ட இடத்தில் பச்சைப் பித்தளை நொறுங்கியது. பாம்பு சீறுவது போல மெல்லிய சத்தம். டெஸ்மன்ட் நாற்காலியிலிருந்து சரிந்தான்.

"நானா! வெளிய எடுங்க, பொத்துங்க!" என்று அருள்ராணி கத்தினாள்.

ஜவுபர் வெளியே எடுக்கவில்லை. "யா அல்லாஹ்" என்றபடி கண்ணாடியை வைத்து, வளையத்தைப் புரியில் ஏற்றித் திருகினார். அவசரத்தில் புரி ஒருமுறை தவறியது. கழற்றி மறுபடி ஏற்றினார். இறுகியது. உள்ளே வெள்ளைப் புகார் நிரம்பி முட்கள் மறைந்தன. அருள்ராணி டெஸ்மன்டின் தலையை மடியில் தூக்கி வைத்தபடி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புகார் கலைந்தது. திரும்ப, முன்னைவிட அகலமாகப் படிந்தது.

"பசிக்குது" என்றான் டெஸ்மன்ட். பெரிய மண்டபத்துக்குள் நின்று கதைப்பவனின் குரல் அது. நெஞ்சு அகன்று சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துக் கிடந்தது. ஜவுபர் சுவரோடு சாய்ந்து அழுதார்.

அதன் பிறகு டெஸ்மன்ட் கடலடிக்குப் போகும் தொழிலைப் பிடித்துக்கொண்டான். கல்லில் சிக்கிய வலை, அறுந்த நங்கூரம், கவிழ்ந்த போட்டின் எஞ்சின் எதுவென்றாலும் பொத்துவிலிலிருந்தும் வினாயகபுரத்திலிருந்தும் அவனைத் தேடி வந்தார்கள். அவன் இறங்கியதும் மேலே இருப்பவர்கள் சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்வார்கள். பின்னேரம் அவன் கயிற்றைப் பிடித்து ஏறி வருவான். மணிக்கூடு கரையில் அருள்ராணியின் கையில் இருக்கும். அதன் பாரத்தில் அவளுடைய ஒரு தோள் சற்றே தாழ்ந்துபோனது.

இரண்டு வருடத்தில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சர்மினி என்று பெயர் வைத்தார்கள். பிறந்ததும் குழந்தை வீறிட்டு அழுதது, பால் குடித்தது. ஆஸ்பத்திரியில் அதன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்ட டாக்டர் குழாயை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டுவிட்டு, வெளியே போய்த் தண்ணீர் குடித்தார். வீட்டில் அருள்ராணி குழந்தையின் மூக்கில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். பஞ்சு அசையவில்லை.

மூவரும் ஜவுபரின் கடைக்குப் போனார்கள். அவர் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கண்ணாடி முழுவதும் பெரிய புகார் மெதுவாகப் படிந்து கலைந்தது. அதன் ஓரத்தில், விரல் நுனியளவு புகார் ஒன்று அவசரமாக வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டு பேருக்கும் இடம் காணுமா நானா?" என்று டெஸ்மன்ட் கேட்டான்.

ஜவுபர் பென்சிலால் கண்ணாடியின் அகலத்தை அளந்தார். குழந்தையையும் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம், காணும்" என்றார். "இன்னொண்டுக்கும் காணும்."