கஞ்சி போட்ட ஜூலை பதினாலு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "அத்தனை பேரும் கவர்மென்ட் வேலைக்குத்தான் காத்துக் கிடக்கப்போறீங்க. படிக்கும்போதே சொந்தமா ஒரு தொழில் தொடங்க ஒருத்தருக்காவது துணிச்சல் இருக்கா?" என்று எங்கள் பி.காம். வகுப்பில் வாத்தியார் கேட்டதும் பொசுக்கென்று எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த அமிர்தவல்லியையும் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். என்ன தொழில் என்று யோசித்தது அப்புறம்தான்.

யோசனை சொன்னது அவள்தான். அம்மாவோடு பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவளுக்கு வியாபாரம் என்றால் பயமே கிடையாது. பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினாலு வருகிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் ஊர்ச் சிப்பாய்களான சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் அணிவகுப்பார்கள். "அத்தினி பேரு வெள்ளை உடுப்பும் துவைச்சுத் தேய்க்க நம்ம கைக்கு வந்தா எப்படி இருக்கும்டி!" என்றாள்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே சலவைக் கடை போட்டோம். நெசவு மில்லில் வேலை பார்க்கும் என் அப்பா முருகையன் குதிகுதியென்று குதித்தார்.

"பி.காம். படிச்சிட்டு ஊரான் துணி தேய்ப்பியா? மில் ஆபீஸ்ல டைப்பிஸ்ட் வேலைக்கு மேனேஜர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். பதினாலாம் தேதி வரைக்கும் ஆடு, தனம். ஒரு புகார் வந்துச்சு, திங்கட்கிழமை கடையையும் காலேஜையும் மூட்டை கட்டிட்டு வேலைக்குப் போற."

எனக்கு உள்ளுக்குள் பயம்தான். வெளியே காட்டிக்கொள்வேனா?

அமிர்தவல்லி போய்ப் பேசியதில், சொல்தாக்களின் தலைவர் முசே தேவதாஸ் எல்லாருடைய உடுப்பையும் ரிக்‌ஷாவில் கொண்டு வந்து இறக்கினார். "கஞ்சி நல்லா விறைப்பா இருக்கணும் மத்மசேல்" என்று பிரெஞ்சு மரியாதையோடு ஒரே பேச்சாகச் சொன்னார்.

சோறு வடித்த கஞ்சி போதும் என்றாள் அமிர்தவல்லி. எனக்குச் சுருக்கென்றது. "மில்லுக்காரன் பொண்ணுக்கே கஞ்சி சொல்லித் தர்றியா?" என்று எகிறினேன். தறியில் நூல் அறுந்துவிடாமல் இருக்கப் பாவு நூலுக்குப் போடுவார்களே, புளியங்கொட்டை மாவுக் கஞ்சி, அதைக் காய்ச்சி அண்டாவில் ஊற்றினேன். தாராளமாகத்தான் ஊற்றினேன்.

காய்ந்த பிறகு பார்த்தால் கால்சட்டைகள் சுவரோரம் தாமாகவே நின்றன. "ஐயையோ, ஆளே இல்லாம அணிவகுக்கும் போலிருக்கேடி!" என்றாள் அமிர்தவல்லி. மறுபடி அலச நேரமில்லை. உடுப்புகளைப் பலகை மாதிரி அடுக்கிக் கொடுத்தனுப்பினோம்.

பதினாலாம் தேதி காலையில் கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தோம். பேண்டு முழங்கியது. சொல்தாக்கள் வந்தார்கள். ஒருவருக்கும் முட்டி மடங்கவில்லை! போர் நினைவுச் சின்னத்தில் மாலை வைத்து முடிந்ததும் எல்லாரையும் உட்காரச் சொன்னார்கள். விருந்தினர்கள் உட்கார்ந்தார்கள். தேவதாஸ் நாற்காலியை நோக்கிக் கொஞ்சம் குனிந்தார். கால்சட்டை சடசடவென்றது. சட்டென்று நிமிர்ந்து கொடியைப் பார்த்து சல்யூட் அடித்துவிட்டார். மற்ற சொல்தாக்களும் அப்படியே விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள். அது ஏதோ விசேஷ மரியாதை என்று நினைத்து முன்வரிசை எழுந்தது. பிறகு மொத்தக் கூட்டமும் எழுந்து கை தட்டியது. நானும் அமிர்தவல்லியும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

சாயங்காலம் தேவதாஸ் வந்தபோது சிரிப்பெல்லாம் போய்விட்டது. அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"யாரு இந்தக் கஞ்சி போட்டது?"

"நான்தான் முசே."

"அடிப்பாவி! காலையிலேர்ந்து நிக்கிறேன். காப்பியக்கூட நின்னுக்கிட்டேதான் குடிச்சேன்!" என்று கத்தியவர், அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தார். "பென்சன் வாங்க ஆரம்பிச்சதுக்கப்புறம் எங்க ஆளுங்க இவ்ளோ நிமிர்ந்து நின்னதே இல்ல. ஊரே எழுந்து நின்னுச்சு பார்த்தியா? இனிமே எங்க துணியெல்லாம் உங்ககிட்டதான். முட்டிகிட்ட மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டு மத்மசேல்."

அவர் போனதும் அப்பா விறுவிறுவென்று உள்ளே போனார். இதைப் புகார் என்று எடுத்துக்கொண்டாரா, பாராட்டு என்றா?

கையில் தன் ஒரே வெள்ளைச் சட்டையோடு திரும்பி வந்தார்.

"திங்கட்கிழமை மேனேஜரைப் பார்க்கப் போட்டுக்கிட்டுப் போறது. இத்தினி வருஷமா அந்தாளு முன்னாடி குனிஞ்சே நின்னுட்டேன். எம் பொண்ணு வேலைக்கு வரமாட்டா, கடை வெச்சிருக்கான்னு சொல்றப்பவாவது நிமிர்ந்து நிக்கணும்" என்று சட்டையை என் கையில் கொடுத்தார். "அந்தப் பாவுக் கஞ்சியே போடு தனம். கொறைக்காமப் போடு."