பெயரை மறைத்த கோந்து

கோந்து பாட்டிலைக் கவிழ்த்தது பத்மநாபனேதான். பழி போட அந்த அறையில் வேறு ஆள் இல்லை.

கரியாஹாட்டில் ஒரு மாடி அறையிலிருந்து வெளிவந்த நதியியல் காலாண்டிதழுக்கு அவர் துணையாசிரியர். வரும் கட்டுரைகளைப் பேராசிரியர்கள் பரிசீலிப்பார்கள். பரிசீலிப்பது என்றால் பெயரைப் பார்ப்பது. நம்ம ஆளா, 'அருமை'. எதிரணிக்காரரின் மாணவனா, 'குப்பை'. உள்ளே புரட்டுவது பாவம் என்று நினைத்தார்களோ என்னவோ. இனி எழுதியவர் பெயரை மறைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று தொண்டை வறள வாதாடி அனுமதி வாங்கிய பத்மநாபன், பெயரின் மேல் வெள்ளைத்தாள் ஒட்ட உட்கார்ந்தார். முதல் கட்டுரையிலேயே பாட்டில் சாய்ந்து, பக்கங்களெல்லாம் ஒட்டிக்கொண்டு அடை மாதிரி ஆகிவிட்டன.

அது வத்சலாவின் கட்டுரை. கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண். ஹூக்ளி ஆற்றில் வண்டல் எங்கே படிகிறது, ஏன் படிகிறது என்று படகில் அலைந்து அளந்து எழுதியிருந்தாள். பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறப்பதற்குள் இதழ் அதை ஏற்றுக்கொண்டால் அவளுடைய தற்காலிக வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் போய்விடும். பத்மநாபன் தலையைச் சொறிந்தபடி விஷயத்தைச் சொன்னபோது அவள் கோபப்படவில்லை.

"திரும்ப டைப் அடிச்சுடறேன் மாமா. இந்தத் தடவை கோந்தையும் நானே போட்டுடட்டுமா?"

புதுப் பிரதி பேராசிரியர் நிர்மால்ய சென்குப்தாவிடம் போயிற்று. போனது போனதுதான். பத்மநாபன் நடையாய் நடந்தார். முதலில் டீ கிடைத்தது, பிறகு சந்தேஷ் இனிப்பு, அதற்கப்புறம் 'கரண்ட் இல்லாமல் எப்படிப் படிப்பது' என்ற கேள்வி. மகாளய அமாவாசையும் வந்து போனது. எப்போது கேட்டாலும் "ஹோபே, ஹோபே". ஆகுமாம். எப்போது ஆகும் என்பதற்கு அந்த மந்திரத்தில் இடமில்லை.

பழைய முறையென்றால் மனிதர் வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லியிருப்பார். சீர்திருத்தம் என்று கிளம்பி ஒரு பெண்ணின் சோற்றில் மண்ணை, சரியாகச் சொன்னால் வண்டலை, அள்ளிப் போட்ட மகான் நான்தான் என்று பத்மநாபன் டிராமில் தன்னையே திட்டிக்கொண்டு திரும்புவார். பெயரைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு அரிக்கும். சொன்னால் யாருடைய மாணவி என்பார். அதோடு முடிந்தது.

பூஜை தொடங்கும் சஷ்டியன்று தெருவெல்லாம் பந்தல் மேளம். பத்மநாபன் போனார். நீட்டிய சந்தேஷை ஒதுக்கி வைத்துவிட்டு, தமக்குத் தெரிந்த வங்காளத்தில் கேட்டார்.

"வேணுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க ஸார்."

சென்குப்தா கண்ணாடியைக் கழற்றினார்.

"பேர் இருந்திருந்தா ஒரு தடவைகூடப் படிச்சிருக்க மாட்டேன், பத்மநாபன் பாபு. உங்க கோந்து புண்ணியத்துல, இத்தனை வருஷத்துல முதல் தடவையா ஒரு கட்டுரையை முழுசாப் படிக்க வேண்டியதாப் போச்சு. அதான் இத்தனை நாள். தப்பைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கலை. அச்சுக்கு அனுப்புங்க. எதுக்கும் கார்டன் ரீச்சுல வண்டல் அளக்கிற அந்த மதராசிப் பொண்ணு, வத்சலாவோ என்னமோ, அவகிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. நான் தப்பை விட்டிருந்தாலும் அவ விடமாட்டா."