மூன்று மைலும் பதினான்கு மைலும்

புகையிரதப் பகுதியிலிருந்து வந்த கடிதத்தை நேசமலர் இரண்டு தரம் வாசித்தாள். நெல் ஏற்றுவதற்குப் புளியங்குளம் நிலையத்தில் நான்கு சரக்குப் பெட்டிகள், மாங்குளம் நிலையத்தில் ஆறு. திங்கட்கிழமை காலையில் தருவார்கள். சனிக்கிழமை விடிய, நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த பெட்டிகள் ஒரு மாதம் கழித்துத்தான்.

அது ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டு, புரட்டாதி கடைசி. கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த மூன்று ஊர்களிலும் சிறுபோக நெல் மூட்டைகளாகக் களத்தில் கிடந்தது. முதிரையடியில் அறுநூறு, கருங்காலிக்குளத்தில் அறுநூறு, வீரைக்குளத்தில் முந்நூறு. மேலே ஓலைதான் கூரை. ஒரு பெருமழை விழுந்தால் நெல் சாக்குக்குள்ளேயே முளைத்துவிடும். சங்கத்திடம் இருந்தது ஒரு லொறி. ஒரு நடைக்கு அறுபது மூட்டை கொள்ளும். ஏற்றி இறக்கும் நேரம் போக, அந்தப் பாதைகளில் நாளுக்கு எண்பது மைல் ஓடலாம்.

சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்த நேசமலர் முதிரையடிப் பெண். கணக்கில் கெட்டிக்காரி. தலைவர் சிற்றம்பலம் கடிதத்தை அவளுடைய மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை, ஐஞ்சு நாளுக்குள்ள ஒரு மூட்டையும் மிஞ்சாமல் ஏத்த வழியிருக்கோ பார். இல்லையெண்டால் கருங்காலிக்குளத்து ஆக்களுக்கு என்ன முகத்தோட மறுமொழி சொல்லுறது?" என்றார்.

கருங்காலிக்குளத்து நெல்தான் எப்போதும் கடைசியாகப் போகும். முதிரையடி, புளியங்குளத்துக்கு ஆறு மைல். ஆகவே புளியங்குளத்துப் பெட்டிகள் முதிரையடிக்கு என்பது வழக்கம். இந்த முறை நான்கு பெட்டிகளும் முதிரையடியின் அறுநூறு மூட்டைகளோடு நிரம்பிவிடும். கருங்காலிக்குளத்தார் இருபத்திரண்டு மைல் தாண்டி மாங்குளத்துக்குப் போகவேண்டும். நேசமலர் கூட்டிப் பார்த்தாள். போகவர எல்லாமாக அறுநூற்றுப் பத்து மைல். எட்டு நாள் வேலை.

எந்த ஊருக்கு எந்த நிலையம் கிட்டவோ அங்கேயே அனுப்புவதுதானே நியாயம் என்று அவளும் நினைத்தாள். ஊர்களின் வரிசையை மாற்றிப் பார்த்தாள். நடைகளை மாற்றிப் பார்த்தாள். எட்டு நாள் ஏழரையானது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை, சங்கக் கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கும் நாள். யன்னலுக்கு வெளியே வரிசையின் முன்னால் இராசமலர் போத்தலோடு நின்றாள். அவளுடைய வீடு கடைக்குப் பக்கத்து வளவு. பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றதும் இராசமலர் விலகினாள்.

"நீ முன்னுக்கு வா, மோளே. உனக்கு அஞ்சு மைல் நடக்கவேணும். எனக்கு வேலியைத் தாண்டினால் வீடு."

"உங்களுக்குப் பிந்துமெல்லே, அக்கா?"

"எனக்குப் பிந்தினால் கால்மணித்தியாலம். உனக்குப் பிந்தினால் பொழுதுபட்டுப் போம். இதில என்ன கதை, வா."

நேசமலரின் பென்சில் நின்றுவிட்டது. யாருக்குக் கிட்ட என்பதை மட்டுமே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். விட்டுக்கொடுத்தால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்று கேட்கவே இல்லை.

புதிதாக ஒரு தாள் எடுத்தாள். முதிரையடி புளியங்குளத்தை விட்டு மாங்குளத்துக்குப் போனால், ஆறு மைலுக்குப் பதிலாக ஒன்பது. நட்டம் மூன்று மைல். கருங்காலிக்குளம் புளியங்குளத்தை விட்டால், எட்டுக்குப் பதிலாக இருபத்திரண்டு. நட்டம் பதினான்கு மைல். வீரைக்குளம் மாங்குளத்துக்கு ஐந்து மைலிலேயே இருந்தது. அதைத் தொடத் தேவையில்லை. முதிரையடி இடம் மாறினால் மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூறு மைல். ஐந்து நாள். பத்து மைல் மிச்சம்.

அவள் கண்ணை மூடிப் பிள்ளையாருக்கு நன்றி சொன்னாள். பிறகுதான், இதை முதிரையடியில் யார் சொல்வது என்ற நினைப்பு வந்தது.

சனிக்கிழமைக் கூட்டத்தில் அவளே சொன்னாள். முதிரையடியின் பெரிய கமக்காரர் கதிர்காமநாதன் எழுந்தார். அவர் நேசமலரின் பெரியப்பா.

"எங்கட ஊர் நெல்லை அடுத்த ஊர் ஸ்டேசனுக்கு அனுப்பிப்போட்டு, எங்கட ஸ்டேசனை வேற ஆருக்கும் தாரை வார்க்கச் சொல்லுறியோ? நல்ல கணக்கு! என்ர தம்பி உன்னைப் படிப்பிச்சது இதுக்கோ?"

"மூண்டு மைல்தான் பெரியப்பா கூட. அவையளுக்குப் பதினாலு."

"மைலை ஆர் அளந்தது? கடதாசியில ஆரும் அளக்கலாம்."

"ஹலீம் நானா லொறியில அளந்து தந்தவர்."

பின்னால் இருந்த லொறிச் சாரதி ஹலீம் எழுந்தார். "ஐயாவுக்குச் சந்தேகமெண்டால் நாளைக்கு என்னோட ஏறுங்கோ. முன் சீற் சும்மாதான் கிடக்கு. வெத்திலை மட்டும் நீங்கள் கொண்டு வரவேணும்."

கூட்டம் சிரித்தது. கதிர்காமநாதன் சிரிக்கவில்லை, ஆனால் ஞாயிறு காலை வெற்றிலைப் பெட்டியோடு வந்து ஏறினார்.

கருங்காலிக்குளத்தில் மஸாஹிரும் மனைவி ஸாலிஹாவும் களத்தில் ஓலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஓலை போதாத இடத்தில் வீட்டுப் பாய்களை விரித்திருந்தார்கள். ஸாலிஹா உள்ளே போய்த் தேநீரும் பனங்கட்டியும் கொண்டுவந்து கதிர்காமநாதனிடம் கொடுத்தாள். அவர் எதற்காக வந்தார் என்று அவள் கேட்கவில்லை.

"பாயெல்லாம் இஞ்ச கிடக்கு. நீங்கள் எதில படுக்கிறது?" என்று கேட்டார் அவர்.

"நிலத்திலதான் ஐயா. நாங்கள் நனைஞ்சால் காய்வம். நெல்லு நனைஞ்சால் காயாதே" என்றாள் ஸாலிஹா.

"பெட்டி கிடைக்குமெண்டு நினைக்கிறியளோ?"

"புளியங்குளத்துப் பெட்டி உங்கட ஊருக்குத்தானே. அது முறை. மாங்குளத்தில மிஞ்சினால் அல்லாஹ் தருவான்" என்றார் மஸாஹிர்.

திரும்பும் வழி முழுவதும் கதிர்காமநாதன் மைல்கற்களை எண்ணினார். முதிரையடிச் சந்தியில் இறங்கும்போது, "கணக்குச் சரி. பிள்ளையிட்ட சொல்லு, எங்கட நெல்லைக் கடைசியாய் எடுக்கட்டாம். எங்கட களத்தில தகரக் கொட்டில் இருக்கு, அவையளிட்ட இல்லை" என்றார். தாளில் அந்த வரிசை ஏற்கனவே அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. ஹலீம் அதைச் சொல்லவில்லை. நல்லது செய்ய வந்தவரின் மகிழ்ச்சியை ஏன் குறைக்கவேண்டும்?

திங்களும் செவ்வாயும் கருங்காலிக்குளத்து நெல் முழுவதும் புளியங்குளத்தில் ஏறியது. பத்து நடை. கணக்கு இம்மியும் பிசகவில்லை. புதன்கிழமை நடுப்பகலில், வீரைக்குளத்தின் மூன்றாவது நடையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, லொறியின் பின்பக்கத்தைத் தாங்கும் இரும்பு வில்லு முறிந்தது. வவுனியாவுக்கு ஆள் ஓடி, புது வில்லு வந்து, லொறி மறுபடி உருண்டபோது வியாழன் காலை பத்து மணி.

நேசமலர் மீண்டும் கணக்குப் போட்டாள். வீரைக்குளத்தில் இரண்டு நடை, முதிரையடியில் பத்து நடை. ஓட்டத்துக்கு மட்டும் பத்து மணித்தியாலம். ஏற்றி இறக்க நடைக்கு ஒன்றரை மணித்தியாலம், அது பதினெட்டு. மொத்தம் இருபத்தெட்டு. வெள்ளி பொழுதுபடும் வரை இருந்தது இருபது. முதிரையடியின் இருநூறுக்கு மேற்பட்ட மூட்டைகள் தங்கிவிடும்.

வானம் கிழக்கே கறுத்திருந்தது. தகரக் கொட்டிலில் நூறு மூட்டைக்குமேல் அடங்காது. அவளுடைய சொல்லை நம்பி அவளுடைய ஊரே நட்டப்படப்போகிறது. பெரியப்பாவிடம் போய் நேராகச் சொன்னாள்.

அவர் வானத்தைப் பார்த்தார். "நீ பிழை விடேல்லை. இரும்பு முறிஞ்சதுக்கு நீ என்ன செய்வாய்? ஏலுமானதை ஏத்துவம்" என்றார்.

அந்த நேரம் மாங்குளம் நிலையத்தில் யாழ்ப்பாண பஸ் நின்றது. மஸாஹிரும் கருங்காலிக்குளத்து ஆட்கள் ஒன்பது பேரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். வில்லு முறிந்த செய்தி புளியங்குளம் கடைத்தெருவில் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

முதல் நடையோடு வந்த ஹலீமிடம், "நானா, நீங்கள் சில்லை நிப்பாட்ட முந்தி மூட்டை கீழ நிக்கும், பாருங்கோ" என்றார் மஸாஹிர்.

"வாய் நல்லாய் வேலை செய்யுது. முதுகையும் பாப்பம்" என்றார் ஹலீம்.

முதுகும் வேலை செய்தது. இந்தச் செய்தி லொறியோடு முதிரையடிக்கு வந்ததும் அங்கே ஒருவரும் வீட்டில் இருக்கவில்லை. கதிர்காமநாதன் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டி முதல் மூட்டைக்குத் தோள் கொடுத்தார். ஏற்றி இறக்க ஒன்றரை மணித்தியாலம் என்று நேசமலர் எழுதியிருந்த இடத்தில் முக்கால் மணித்தியாலமே ஆனது.

வெள்ளி மாலை ஐந்தரைக்கு, வெயில் இன்னும் தண்டவாளத்தில் இருக்கும்போதே, ஆயிரத்து ஐந்நூறாவது மூட்டை மாங்குளத்துப் பெட்டிக்குள் போனது. நிலைய அதிபர் கதவுகளை அடைத்து முத்திரை வைத்தார். "நான் இஞ்ச வந்து பெட்டி எல்லாம் நிரம்பிப் போறது இதுதான் முதல்தரம். கொழும்பில இருந்து ஆரும் பெரியவர் வந்து திட்டம் போட்டவரோ?" என்று கேட்டார்.

"என்ர தம்பியின்ர மகள்" என்றார் கதிர்காமநாதன். அவருடைய குரல் பிளாற்பாரத்தின் மறுகோடிவரை கேட்டது. நேசமலர் தலையைக் குனிந்துகொண்டாள். கருங்காலிக்குளத்துப் பத்துப் பேரும் கைதட்டினார்கள்.

பிறகு அவர் அவளுடைய தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "இதில மஸாஹிர் ஆக்கள் எங்க?"

"அவையள் கணக்கில இல்லை, பெரியப்பா."

"அப்ப கணக்குக் குறை. எழுது."

அவள் மஸாஹிரின் முதுகிலேயே தாளை வைத்து, கடைசி வரியில் எழுதினாள்: கருங்காலிக்குளம், ஆட்கள் பத்து, தாமாக வந்தவர்கள்.

"அதுக்குக் கீழ எங்கட ஊரையும் எழுது" என்றார் கதிர்காமநாதன். "அடுத்த காலபோக நெல்லை ஏத்த அவையின்ர களத்துக்கு நாங்கள் போறம். எத்தினை பேர் வேணுமெண்டு நீதான் கணக்குப் பார்த்துச் சொல்லவேணும்."