முழங்காலளவு தரை

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி தன் வீட்டுத் தரைக்குள் முழங்கால் வரை இறங்கியிருந்த வருஷத்தில் சமையல் வாயு விலை இரண்டு முறை ஏறியது, மழை வழக்கத்தைவிடக் குறைவு, அந்தத் தெருவில் வேறு விசேஷம் எதுவும் இல்லை. தரை என்னவோ நல்ல தரைதான். பழுப்பு ஓடு பதித்தது, எங்கும் விரிசல் கிடையாது. மற்றவர்கள் நடந்தால் டக் டக்கென்று சத்தம் வரும். அவள் நடந்தால் மட்டும் அது தண்ணீர்போல விலகி வழிவிட்டு, அவள் போன பிறகு கூடிக்கொள்ளும். அடுப்படிக்கும் குளியலறைக்கும் மாமனார் படுத்திருந்த அறைக்கும் அவளால் தாராளமாகப் போய்வர முடிந்தது. வாசலுக்குத்தான் முடியவில்லை. நிலைப்படிக் கல் அவளுக்காக விலகவில்லை. முழங்கால் அதில் இடித்து நின்றுவிடும்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இதன் அறிகுறி இருந்தது. சனிக்கிழமை வாக்கில் குதிகால் லேசாகத் தரைக்குள் அழுந்தும். வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொள்வாள். ஞாயிறு காலை கோயிலுக்குப் போய் வந்தால் சரியாகிவிடும். கோயில் இரண்டு தெரு தள்ளி இருந்தது. பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில், சுற்றாத மின்விசிறிக்கு அடியில், அவள் வழக்கமாக உட்காருவாள். ஆராதனை முடியும்வரை அவளை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். சட்டை எங்கே, மாத்திரை எங்கே, உப்பு ஏன் குறைந்தது என்று யாரும் கூப்பிடமாட்டார்கள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாத ஒரு கனத்த குரல் அவளுக்கு இருந்தது, பாட்டு நேரத்தில் அது வெளியே வரும். பிரசங்கத்தில் பாதி அவள் மண்டையில் ஏறாது. ஆனால் ஜெபம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு, வாரம் முழுக்க யாரிடமும் சொல்லாததை எல்லாம், கூடப் பிறந்த அக்காவிடம் சொல்வதுபோல ஆண்டவரிடம் சொல்லி முடிப்பாள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. திரும்பி வரும்போது தரை அவளுக்கும் மற்றவர்களைப்போலக் கெட்டியாக இருக்கும்.

மாமனார் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு பேச்சும் போய்விட்டது. தலையணைக்கு அடியில் இருந்த பழைய விசிலை எடுத்து ஊத ஆரம்பித்தார். ஒரு குட்டி விசில் என்றால் தண்ணீர், இரண்டு என்றால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், மூன்று என்றால் சும்மா, யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு. மூன்றுதான் அதிகம் வரும். அவர் படுத்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் தலை வாரிக்கொண்டு கிளம்பியபோது மெக்கானிக் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"அப்பாவ யாரு பாத்துக்கறது?"

"நீங்க வீட்லதானே இருக்கீங்க? கொஞ்ச நேரம்தான்."

"எனக்கு இந்த ஒருநாள்தான் லீவு. ஆண்டவர் எங்கயும் ஓடிப் போயிட மாட்டாரு, அடுத்த வாரம் போ."

அவன் கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், சம்பளத்தை முழுசாகக் கொண்டுவந்து கொடுப்பான். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னான், அவ்வளவுதான். அந்த மாதக் கடைசியில் அவளுக்குக் கணுக்கால் மறைந்தது. மழைக்காலம் முடிவதற்குள் கெண்டைக்கால் போனது. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது, வலி இல்லை. வலி இல்லாததால்தான் யாரும் அதை ஒரு நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. கொத்தனார் வந்து கம்பியால் தட்டிப் பார்த்துவிட்டு, தரையில் குறையே இல்லை, இன்னும் ஒரு தலைமுறைக்கு வரும் என்றார். மெக்கானிக் வேலையிடத்திலிருந்து சங்கிலிக் கப்பியைக் கொண்டுவந்து கூரையில் மாட்டி, அவள் அக்குளில் பட்டையைக் கட்டி இழுத்தான். பத்துப் பேரை ஒரே மூச்சில் மேலே கொண்டுபோகிற கப்பி அது. கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்ததே தவிர, அவள் ஒரு அங்குலம் எழும்பவில்லை.

அதற்குப் பிறகு அவன் தன்னால் ஆனதைச் செய்தான். அடுப்பு மேடையை இடித்துத் தாழ்வாகக் கட்டினான். அலமாரித் தட்டுகளை இறக்கினான், துணிக்கொடியைத் தாழ்த்தினான், மாமனார் கட்டிலின் கால்களை அறுத்துக் குட்டையாக்கினான். எல்லாம் அளவெடுத்ததுபோல அவள் கைக்கு வந்துவிட்டது. பார்க்க வந்த நாத்தனார் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கைக்கெட்ற தூரத்துல செஞ்சு வெச்சிருக்கான், உனக்கென்ன குறை" என்று பெருமூச்சு விட்டாள். ஒரே மகள் படிப்பை முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போனாள். போகும்போது அம்மாவைக் குனிந்து முத்தமிட வேண்டியிருந்தது. அதற்குள் தரை முழங்காலைத் தொட்டிருந்தது. ஞாயிறு காலையில் கோயில் மணி அடிக்கும்போது அவள் வாசலுக்கு வந்து, நிலைப்படியில் முழங்கால் முட்ட நின்று, இரண்டு தெரு தாண்டி வரும் பாட்டைக் கேட்பாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் அதுவும் கேட்காது. அப்போதும் ஜெபித்தாள்தான், ஆனால் பாதியில் விசில் கேட்கும். அந்த நாட்களில் அவள் ஆண்டவரிடம் கேட்டதெல்லாம் ஒரு ஜெபத்தை முழுசாகச் சொல்லி முடிக்கவேண்டும் என்பதுதான்.

மூன்றாவது பெஞ்சில் அவள் இடம் காலியாகவே கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர்: கணக்கு டீச்சர், பிரசவ வார்டு நர்ஸ், கோயிலைப் பெருக்கித் துடைக்கிற அம்மா. பெண்கள் கூட்டம் முடிந்த ஒரு புதன்கிழமை சாயங்காலம் மூவரும் கதவைத் தட்டினார்கள். கதவு திறந்ததும் இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் மேலே அவள் முகம் தெரிந்தது. அவளுக்குக் கூச்சத்தில் தரைக்குள் இன்னும் கொஞ்சம் போய்விடலாம்போல இருந்தது. வந்தவர்கள் ஆச்சரியப்படவில்லை. டீச்சர் உள்ளே வந்து, உடுப்பின் ஓரத்தைத் தூக்கி, கெண்டைக்காலைச் சுற்றி வளையம்போல ஓடியிருந்த பழுப்புக் கறையைக் காட்டினாள். அது அவள் இரட்டைப் பிள்ளைகளை வளர்த்த வருஷங்களில் விழுந்தது. நர்ஸுக்கு முழங்காலுக்கு மேலே, புருஷன் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் பட்டது. கோயில் பெருக்குகிற அம்மா தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்கு இதுவரைக்கும். மாமியாரு, நாலு கொழுந்தனாரு. ரெண்டு வருஷம் நிலையத் தாண்டல."

"எப்படிம்மா வெளிய வந்தீங்க?"

"நானா வரல. வந்து இழுத்தாங்க."

அவர்கள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அடுப்படியில் அவளைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள், பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் ஜெபித்தார்கள். விசில் வந்தபோதெல்லாம் நர்ஸ் எழுந்து போனாள். அன்றைக்குத்தான் மெக்கானிக்கின் மனைவி பல மாதங்களுக்குப் பிறகு ஒரு ஜெபத்தை ஆமென் வரை கொண்டுபோனாள். கண்ணைத் திறந்தபோது ஒரு ஓட்டின் கனம் அளவுக்கு மேலே வந்திருந்தாள். அதற்குப் பிறகு எல்லாப் புதன்கிழமைகளிலும் வந்தார்கள். பாட்டு முடிகிறவரை மெக்கானிக் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான். பல வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நிலைப்படியில் பாதத்தை எடுத்து வைத்தாள். கிழவரோடு டீச்சர் இருந்துகொள்வதாக ஏற்பாடு. அவள் தலைவாரி நிற்பதை அறை வாசல் வழியாகப் பார்த்த மாமனார் விசிலை எடுத்தார். தண்ணீர்தான் கேட்கப்போகிறார் என்று அவள் தயங்கினாள். அவர் நீளமாக ஒன்று ஊதினார், மூச்சு தீரும் வரைக்கும். வண்டி கிளம்பலாம் என்பதற்கு ஊதுவது அது. அப்படி ஒரு விசிலை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை.

தெரு கெட்டியாக இருந்தது. கோயிலில் அவள் அழவில்லை, பாடவும் இல்லை. மூன்றாவது பெஞ்சில் பாதம் இரண்டையும் தரையில் பதித்து உட்கார்ந்திருந்தாள், அவ்வளவே. திரும்பி வந்தபோது கணக்கு டீச்சர் மாமனார் கட்டிலருகே கணுக்கால் வரை இறங்கி நின்றிருந்தாள். பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான் என்று சொல்லி இவள் தோளைப் பிடித்துக் காலை உருவிக்கொண்டாள். அந்த வீட்டில் அடுத்தவரைப் பார்த்துக்கொள்ளத் தங்குகிறவளைத் தரை விடாது, ஆராதனையைத் தவறவிட்டவளை இன்னும் பலமாகப் பிடிக்கும். அது தெரிந்தேதான் மூவரும் முறை வைத்துக்கொண்டார்கள். இப்படியே ஒரு வருஷம் போனது. யாரோ ஒருத்தி தனக்காகக் கோயிலை விட்டுக்கொடுத்துத் தன் வீட்டில் புதைகிறாள் என்பது மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு முள்ளாகக் குத்தும்.

பிறகு, ஊரெல்லாம் காய்ச்சல் பரவிய ஒரு வாரத்தில், மூன்று பேருமே படுத்துவிட்டார்கள். மணி அடித்தது. அவள் கிளம்பி நின்று, நாற்காலியில் இருந்த புருஷனைப் பார்த்தாள். அவன் அடுத்த வாரம் என்று ஆரம்பித்தான்.

"அந்த மூணு பேரு வீட்லயும் வேல இருக்கு, காய்ச்சலும் இருக்கு" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "உங்க அப்பா. நான் போயிட்டு வரேன்."

அவன் கையிலிருந்த பேப்பரை மடிப்பதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள். அன்றைய பாட்டில் அவள் குரல் மற்ற எல்லாருடையதையும் அமுக்கிக்கொண்டு கேட்டதாகச் சபையில் பிறகு பேசிக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது வீட்டில் மூன்று குட்டி விசில் கேட்டது, பிறகு மறுபடி மூன்று. மெக்கானிக் அப்பாவின் கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடுவில், கையில் தண்ணீர்க் குவளையோடு, கெண்டைக்கால் ஆழத்தில் நின்றிருந்தான். காலை எடுக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறான், நெற்றியெல்லாம் வியர்வை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, குவளையை வாங்கி மாமனாருக்குப் புகட்டிவிட்டு வந்து அவன் எதிரில் நின்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அவன் உச்சந்தலையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. முடி கொட்டியிருந்தது.

"தெனமும் இப்படித்தானா உனக்கு?"

"முதல்ல சில்லுன்னு இருக்கும்" என்றாள். "அப்புறம் பழகிடும். பழகிடறதுதான் மோசம்."

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் கோயிலில் கற்ற பாட்டை, அதே கனத்த குரலில், அவனுக்காக மெதுவாகப் பாடினாள். அவனுக்கு வார்த்தை தெரியவில்லை, முனகினான். அவன் கனமான ஆள், மேலே வரச் சாயங்காலம் வரை ஆனது.

மாமனார் அதற்குப் பிறகும் நாலு வருஷம் இருந்தார். தரை கெட்டிப்படவே இல்லை; அவளுக்கு வெள்ளிக்கிழமைக்குள் கணுக்கால் போய்விடும், ஞாயிறு வந்தால் எழும்பும், திங்கள் மறுபடி ஆரம்பிக்கும். ஒரு ஞாயிறு அவள் கோயிலுக்கு, மறு ஞாயிறு அவன் என்று வைத்துக்கொண்டார்கள். அவன் முறை வரும் வாரங்களில் அவள் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போவாள், அவள் முறையில் அவன். தாழ்வாகக் கட்டிய மேடை ஒருவர் இறங்கி நிற்கும்போது மற்றவருக்கு இடுப்பு வலி கொடுத்தது என்பதால், அதை நடுவாந்தரமாக மாற்றிக் கட்டவேண்டி வந்தது. கொத்தனார் இந்த முறை தரையைத் தட்டிப் பார்க்கவில்லை. யாருக்கு எவ்வளவு ஆழம் என்று மட்டும் கேட்டு, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து அளவெடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.